ஒலியிழந்த ஒரு விசை

பழைய விசைப்பலகை ஒன்றில் ஒரேயொரு விசை மட்டும் ‘டிக்’ ஒலியின்றி அமுங்கியது. எழுத்து என்னவோ ஒழுங்காகவே பதிந்தது. மூடியைக் கழற்றியபோது, செர்ரி எம்எக்ஸ் என்ற விசை ஸ்விட்ச் வகைக்கு உரிய கூட்டல் குறி வடிவத் தண்டுக்குப் பதிலாக, நடுவில் செவ்வகப் பள்ளம் கொண்ட வெள்ளைத் தண்டு தென்பட்டதால், அது ஆல்ப்ஸ் வகை ஸ்விட்ச் என்று உறுதியாயிற்று. இவ்வகையில் பற்றவைப்பைத் தொடாமலே மேற்கூட்டைத் திறக்கலாம் என்பது பெரிய வசதி. கொக்கிகளை மெல்லிய தகட்டால் நெம்பியதும் தண்டும் சுருள்வில்லும் கையோடு வந்தன. மின்தொடர்பை ஏற்படுத்தும் தகடு தன் இடத்தில் இருந்தது. ஆனால் ஒலியெழுப்புவதற்கென்றே தனியாக அமைந்த வளைந்த உலோக இதழைக் காணவில்லை, முன்பு திறந்தவர் யாரோ தொலைத்திருக்க வேண்டும். நான் தொடவே தொடாத ஸ்க்ரோல் லாக் விசையின் இதழை எடுத்துப் பொருத்தினேன், ஒலி திரும்பியது.