சபாஷும் ஒரு மதிப்பெண்தான்: வகுப்பில் நாடக விளையாட்டைக் கெடுக்கும் தவறுகள்

இல்லாத கயிற்றை இழுக்கச் சொன்னால் பத்து வயதுப் பிள்ளைகள் உடனே இரண்டு அணியாகப் பிரிந்து இழுக்கத் தொடங்கிவிடுவார்கள். கூச்சமெல்லாம் ஆசிரியருக்குத்தான். இதுபோன்ற இருநூறுக்கும் மேற்பட்ட விளையாட்டுகளைத் தொகுத்து 1963இல் நூலாக வெளியிட்டவர் அமெரிக்க நாடகப் பயிற்சியாளர் வயோலா ஸ்போலின். 1939 முதல் சில ஆண்டுகள், சிகாகோவில் அரசு வேலைத்திட்டம் ஒன்றின் நாடகப் பிரிவை அவர் மேற்பார்த்தார். அங்கே வந்தவர்களில் பலர் வெவ்வேறு நாடுகளிலிருந்து குடியேறிய குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். நடிப்பைப் பற்றி நீளமாகப் பாடம் நடத்த அங்கே வழியில்லை. ஹல் ஹவுஸ் என்ற சிகாகோ சமூக நல இல்லத்தில் நீவா பாய்ட் என்ற ஆசிரியரிடம் முன்பு கற்ற குழு விளையாட்டுகள்தான் அவருக்குக் கைகொடுத்தன.

இன்று பல பள்ளிகளில் இந்த விளையாட்டுகள் பாடவேளையின் கடைசிப் பத்து நிமிடத்தை நிரப்பவே பயன்படுகின்றன. அப்படி ஆடும்போது முதலில் காணாமல் போவது விளையாட்டுக்குள் இருக்கும் சிக்கல். 'அசைவைத் தொடங்கியவர் யார்?' என்ற ஆட்டத்தைப் பாருங்கள். ஒருவர் வெளியே போகிறார். வட்டத்தில் இருப்பவர்களில் ஒருவர் ரகசியமாகத் தலைவராகிறார். அவர் கையாட்டினால் எல்லோரும் கையாட்ட வேண்டும், அவர் மாற்றினால் உடனே மாற வேண்டும். திரும்பி வந்தவர் வட்டத்தின் நடுவில் நின்று தலைவரைக் கண்டுபிடிக்க வேண்டும். தலைவரை நேராகப் பார்த்தால் காட்டிக்கொடுத்ததாகிவிடும், பார்க்காவிட்டால் அசைவு தவறிவிடும். கவனம் கூர்மையாவது இந்த இக்கட்டினால்தான். சிக்கலைச் சொல்லாமல் 'ஜாலியாக ஆடுங்கள்' என்று விட்டுவிட்டால் இரைச்சல்தான் மிஞ்சும்.

ஆனால் எல்லாவற்றிலும் பெரிய தவறு பாராட்டு. கேட்க விசித்திரமாக இருக்கும். தன் நூலின் முதல் அத்தியாயத்திலேயே ஸ்போலின் இதைப் பற்றிப் பேசுகிறார். நல்லது, கெட்டது என்று பிறர் சொல்வதை எதிர்பார்த்தே வாழப் பழகியவர், தன் கண்முன் நடப்பதைப் பார்க்கும் திறனை இழக்கிறார் என்பது அவர் கருத்து. ஒரு பிள்ளைக்கு 'சபாஷ்' சொன்ன மறுநொடி, மற்ற எல்லோரும் அந்தப் பிள்ளையைப் போலவே செய்யப் பார்ப்பார்கள். ஒரு வார்த்தையில் விளையாட்டு தேர்வாகிவிடுகிறது. அதற்காக ஆசிரியர் ஊமையாக நிற்க வேண்டியதில்லை. ஆட்டத்தை நிறுத்தாமல் ஓரத்தில் நின்றபடி 'கயிற்றின் கனத்தைப் பாருங்கள்', 'எதிரணியை விடாதீர்கள்' என்று குரல் கொடுக்கலாம். ஆட்டம் முடிந்ததும் 'எப்படி இருந்தது?', 'என்ன கற்றுக்கொண்டீர்கள்?' என்று கேட்டால் உங்களுக்குப் பிடித்த பதில்தான் வரும். பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம் 'கயிறு அவர்கள் கையில் இருந்ததா, தலைக்குள் மட்டும் இருந்ததா?' என்று கேளுங்கள். இதற்குக் கண்டதை வைத்துத்தான் பதில் சொல்ல முடியும்.

நகைச்சுவையைத் திணிப்பது இன்னொரு தவறு. லண்டனில் தொடங்கிப் பின்னர் கனடாவின் கால்கரியில் பணியாற்றிய நாடகப் பயிற்சியாளர் கீத் ஜான்ஸ்டன், புத்திசாலித்தனமாக இருக்க முயலாதீர்கள், முதலில் தோன்றும் சாதாரணமான பதிலையே சொல்லுங்கள் என்று நடிகர்களைத் தூண்டினார். சிரிக்கவைக்க நினைப்பவர் எதிரில் நிற்பவர் சொல்வதைக் கேட்பதில்லை. 'இதோ உன் குடை' என்று ஒருவர் நீட்டினால், 'இது குடையில்லை, வாழைப்பழம்' என்று தட்டிவிட்டுக் கைதட்டல் வாங்குவார். காட்சி அங்கேயே படுத்துவிடும். குடையை வாங்கி விரித்து, அதில் ஓட்டை இருப்பதைக் கண்டால் கதை நகரும். 'ஆம்' என்று ஏற்பதைக் கற்றுத்தருகிறேன் என்று சொல்லி, பிள்ளைகள் எதற்கும் மறுப்பே சொல்லக்கூடாது என ஆக்கிவிடுபவர்களும் உண்டு. கதாபாத்திரம் தாராளமாக மறுக்கலாம். குடை இருக்கிறது என்பதை மட்டும் ஆடுபவர்கள் ஏற்றுக்கொண்டால் போதும்.

விதிகளை ஐந்து நிமிடம் விளக்குவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வாக்கியம் சொல்லுங்கள், மீதியை ஆடித் தெரிந்துகொள்வார்கள்.

கூச்சப்படும் பிள்ளையைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்து வருவதும் பரவலான பழக்கம். ஸ்போலினின் நூலில் வரும் முதல் பயிற்சியே இதற்கு வழி சொல்கிறது. குழுவில் பாதிப் பேர் மேடையில் சும்மா நிற்கிறார்கள், மீதிப் பேர் அவர்களைப் பார்க்கிறார்கள். சற்று நேரத்தில் நிற்பவர்கள் நெளிகிறார்கள், காரணமில்லாமல் சிரிக்கிறார்கள். அப்போது அவர்களிடம் தரைப்பலகைகளையோ இருக்கைகளையோ எண்ணச் சொன்னால் நெளிவு அடங்கிவிடுகிறது. ஒதுங்கி நிற்கும் பிள்ளையிடம் 'பயப்படாதே' என்று சொல்வதற்குப் பதில், ஜன்னல் கம்பிகளை எண்ணச் சொல்லிப் பாருங்கள்.