பழைய மவுஸில் ஒற்றை சுவிட்ச்: பேச முடியாதவர் கணினியில் எழுத

கட்டைவிரல், கன்னம், புருவம் என எங்காவது ஓர் அசைவு மிஞ்சியிருந்தால் போதும், அதைக்கொண்டு ஒரு சுவிட்சை அழுத்திக் கணினியில் எழுதலாம். ஆனால் அழுத்த வருகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், விட வருகிறதா என்று பாருங்கள். விறைப்பு உள்ளவர்களுக்கு விரல் மீள்வதுதான் பெரும்பாடு. பத்து முறை அழுத்தி விடச் சொல்லுங்கள். ஆறிலேயே ஓய்ந்தால் வேறு இடம் தேடுங்கள்.

சென்னை ரிச்சி தெருவில் வாங்க வேண்டியவை: நீள லீவர் (நெம்புத்தகடு) வைத்த மைக்ரோ சுவிட்ச் 1, 3.5 மி.மீ. மோனோ பின் 1, அதற்கேற்ற சாக்கெட் 1, இரட்டை வயர் ஒன்றரை மீட்டர். லீவர் நீள நீள, அழுத்த வேண்டிய விசை குறையும். கடையில் ஹெட்போன் பின்னை நீட்டுவார்கள். வேண்டாம், அதில் இரண்டு வளையம் இருக்கும். மோனோவில் ஒன்றே ஒன்று.

மவுஸைத் திறந்து, இடது கிளிக் சுவிட்சின் கால்களில் மல்டிமீட்டரை (மின் இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் கருவி) வையுங்கள். அழுத்தும்போது மட்டும் பீப் அடிக்கும் இரண்டு கால்களில் சாக்கெட்டை ஈயத்தால் பற்றவையுங்கள். அடியிலுள்ள ஒளித்துளையைக் கறுப்பு டேப்பால் மூடிவிடுங்கள், பாயிண்டர் ஓடாது.

பலரும் சறுக்கும் இடம் அடுத்தது. மைக்ரோ சுவிட்சுக்கு மூன்று கால். அந்த சாக்கெட்டில் செருகும் மோனோ பின்னிலிருந்து வரும் வயர்கள் போக வேண்டியது காமன் (பொதுக் கால்), என்.ஓ. (அழுத்தினால் மட்டும் இணையும் கால்) இரண்டுக்கும். எப்போதும் இணைந்தே இருக்கும் என்.சி.யில் போட்டால் தொடாமலே அழுத்திப் பிடித்ததாகக் கணினி நினைக்கும். கிளிக்கும் வேலை செய்யாது.

மொபைல் ஸ்டாண்டின் வளையும் கழுத்தில் சுவிட்சைக் கட்டிக் கட்டிலில் மாட்டுங்கள். தோலில் டேப் ஒட்டுவது சென்னை வியர்வைக்கு அரை மணி நேரம்கூடத் தாங்காது. படுக்கைப் புண் வராமல் புரட்டிப் போடும் ஒவ்வொரு முறையும் சுவிட்ச் நகரும். சரியான நிலையைப் போட்டோ எடுத்து சுவரில் ஒட்டிவிட்டால், ராத்திரி பார்த்துக்கொள்பவரும் தடுமாறமாட்டார்.

ஸ்கேனிங் மென்பொருள் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே நகரும்; வேண்டியது வரும்போது சுவிட்சை அழுத்த வேண்டும். அந்த நகர்வை எழுத்துக்கு 2 நொடியில் தொடங்குங்கள். அரை நொடிக்குள் வரும் இரண்டாவது அழுத்தத்தைப் புறக்கணிக்கும்படி வையுங்கள், நடுக்கத்தில் ஒரு எழுத்து இரண்டாக விழாது. 247 எழுத்தையும் வரிசையாக ஓட்டினால் கடைசி எழுத்துக்கு எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். 12 உயிர், 18 மெய், ஆய்தம் என 31 கட்டம் போதும்: முதலில் மெய், பிறகு உயிர். க, த, ம முதல் வரிசையில்.

பிற்சேர்க்கை: ஆண்ட்ராய்டு போனைச் சுவிட்சால் இயக்க உதவும் சுவிட்ச் அக்சஸ் வசதி, மவுஸ் கிளிக்கை சுவிட்சாக எடுத்துக்கொள்ளாது. போனுக்கு, கீபோர்டாக நடிக்கும் ப்ரோ மைக்ரோ என்ற சிறு மின்னணு போர்டும், அதைப் போனில் இணைக்கும் ஓ.டி.ஜி. கேபிளும் வேண்டும். ஊனோ ஆர்3 போர்டு விலை பார்த்து வாங்கிவிடாதீர்கள், அது நேரடியாகக் கீபோர்டாகாது.