தேவன் எனக்குத் தந்த வேலை எது? எங்கே தேடத் தொடங்குவது?

உங்கள் வாழ்க்கைக்கான தேவ சித்தத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே எழுதப்பட்டாயிற்று. பரிசுத்தமாக இருங்கள் (1 தெசலோனிக்கேயர் 4:3), எல்லாவற்றிலும் நன்றி சொல்லுங்கள் (5:18), நியாயம் செய்யுங்கள், இரக்கத்தை நேசியுங்கள், தேவனுக்கு முன் தாழ்மையாக நடவுங்கள் (மீகா 6:8). இவற்றில் ஒன்றையும் தொடாமல் "ஆண்டவரே, என் அழைப்பு எது" என்று மட்டும் உபவாசம் இருந்து கேட்டுக்கொண்டிருந்தால் என்ன பதில் வரும்? சொன்ன வேலையைச் செய்கிறவனிடம்தானே அடுத்த வேலையைக் கொடுப்பார்கள்.

அடுத்தது எரேமியா 29:11. உங்கள்மேல் நான் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று நம் வீடுகளில் கலண்டரிலும் சுவரிலும் தொங்குகிற வசனம். தயவுசெய்து அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசியுங்கள். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம் அது. கள்ளத் தீர்க்கதரிசிகள் சீக்கிரம் ஊர் திரும்பலாம் என்று ஆசை காட்டிக்கொண்டிருந்த நேரத்தில், 70 வருடம் ஆகும், வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபியுங்கள் என்கிறார் கர்த்தர். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வந்து வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாடகைக்கு இருக்கிற நமக்கு இது நேராகவே வந்து படுகிறது. எத்தனை பேர் கனடா விசா வந்த பிறகுதான் வாழ்க்கை தொடங்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு, வாரத்துக்கு ஒருமுறை சபைக்கு மட்டும் வந்துவிட்டுப் போகிறோம்! போவது பாவம் இல்லை, கதவு திறந்தால் போங்கள். ஆனால் காத்திருக்கிற இந்த வருடங்களும் அவர் தந்தவைதான்.

சரி, இனி ஒரு கொப்பியை எடுங்கள். எகிப்துக்குப் போகத் தயங்கிய மோசேயிடம் கர்த்தர் கேட்டது, உன் கையில் இருப்பது என்ன என்று. இருந்தது ஒரு கோல். முதல் பக்கத்தில் உங்கள் கையில் இருப்பதை எழுதுங்கள்: தெரிந்த மொழிகள், தொழில், வீட்டில் சும்மா கிடக்கிற தையல் மெஷின், கணக்குப் பாடம், வாகனம், நோயாளியின் பக்கத்தில் பொறுமையாக இருக்க முடிகிற குணம். இதெல்லாம் ஆவிக்குரிய விஷயமா என்று நினைக்க வேண்டாம். யாத்திராகமம் 31-இல் பெசலெயேல் தேவ ஆவியால் நிரப்பப்பட்டது பொன், வெள்ளி, மர வேலைகளுக்காக. யோப்பாவில் தொற்காள் இறந்தபோது விதவைகள் அழுதுகொண்டு பேதுருவிடம் காட்டியது அவள் தைத்துக் கொடுத்த உடுப்புகளை.

இரண்டாவது பக்கத்தில், எதைக் கண்டால் உங்களால் சும்மா கடந்துபோக முடியவில்லை என்று எழுதுங்கள். நெகேமியா ராஜாவுக்குப் பானம் கொடுக்கிறவர், எருசலேமின் மதில் இடிந்து கிடக்கிறது என்று கேட்டவுடன் உட்கார்ந்து அழுதார். கிஸ்லேவு மாதம் கேட்ட செய்தி, நிசான் மாதம்தான் ராஜாவிடம் வாய் திறந்தார், இடையில் நாலு மாதம் ஜெபம். இந்த இரண்டு பக்கங்களும் எங்கே ஒன்றையொன்று தொடுகின்றன என்று பாருங்கள், முக்கியமான இடம் அதுதான்.

எங்கள் சபையில் ஒரு அக்கா இருக்கிறார். மேடையில் சாட்சி சொல்லக் கூப்பிட்டால் குரல் நடுங்கும், ஆனால் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. தம்பியின் சிகிச்சைக்காக மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய்வந்த நாட்களில், ஹட்டன் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா கிளினிக் கொப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு எந்த அறைக்குப் போவதென்று தெரியாமல் நின்றிருக்கிறார். அக்கா கூட்டிக்கொண்டு போய் மிஸ்ஸிடம் பேசி, குளிசை உறைகளில் காலை ஒன்று, இரவு ஒன்று என்று தமிழில் எழுதிக் கொடுத்திருக்கிறார். தம்பி சுகமான பிறகும் புதன்கிழமைகளில் போகிறார். அவரை யாரும் ஊழியக்காரி என்று கூப்பிடுவதில்லை. என்னைக் கேட்டால், இதைவிடத் தெளிவான அழைப்பை நான் பார்த்ததில்லை.

எழுதியதைத் தனியாக வைத்துக்கொள்ளாமல் உங்களை நன்றாகத் தெரிந்த மூன்று பேரிடம் காட்டுங்கள், அதில் ஒருவராவது முகத்துக்கு நேரே சொல்கிறவராக இருக்கட்டும். பவுலையும் பர்னபாவையும்கூட அந்தியோகியா சபை உபவாசித்து ஜெபித்துத்தான் அனுப்பியது (அப்போஸ்தலர் 13). யாராவது உங்களைப் பற்றி தீர்க்கதரிசன வார்த்தை சொன்னால் கேளுங்கள், அப்புறம் வேதத்தோடும் உங்கள் போதகரோடும் சோதித்துப் பாருங்கள். அந்த வார்த்தையோடு சேர்த்துப் பணமும் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

வேலையை உடனே விட வேண்டாம். பவுல் கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் வீட்டில் கூடாரத் தொழில் செய்துகொண்டுதான் ஓய்வுநாள்தோறும் சுவிசேஷம் பேசினார். அதோடு, தூரத்தையும் பாருங்கள். மட்டக்குளியில் இருக்கிறவர் தெஹிவளையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க ஒப்புக்கொண்டால் காலி வீதி நெரிசலிலேயே பாதி உற்சாகம் போய்விடும். நடந்து போகிற தூரத்தில் ஒன்றை எடுத்து ஆறு மாதம் தவறாமல் செய்யுங்கள், இடையில் சலிப்பு வரும், அதற்காக விடாதீர்கள்.

ஆறு மாதத்துக்குப் பிறகும் கதவு திறக்கவில்லை என்றால்? ஆசியாவில் வசனம் சொல்ல ஆவியானவர் பவுலைத் தடுத்தார், பித்தினியாவுக்குப் போகவும் விடவில்லை, துரோவாவுக்கு வந்த பிறகுதான் மக்கெதோனியா மனிதனின் தரிசனம் வந்தது (அப்போஸ்தலர் 16). ஆகவே கொப்பியில் அதன்மேல் ஒரு கோடு போட்டுவிட்டு, அந்த மூன்று பேரையும் திரும்பக் கூப்பிட்டு அடுத்ததைப் பற்றிப் பேசுங்கள்.