காட்டுக்குக் கொண்டுபோக மடக்குக் கத்தியும் மல்டிடூலும்: முதல்முறை வாங்குபவர்களுக்கு

நான் முதலில் வாங்கிய மல்டிடூலில் 18 கருவிகள் இருந்தன. கடைக்காரர் ஒவ்வொன்றாக விரித்துக் காட்டக் காட்ட, இனி எது உடைந்தாலும் பார்த்துக்கொள்ளலாம் என்ற தைரியம் வந்துவிட்டது. அப்புறம் இரண்டு வருடப் பயணங்களில் நான் உண்மையில் திறந்தவை 5. மீதி 13-ஐயும் சும்மா மேட்டில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். அதனால் கடையிலிருந்து தொடங்காமல், கைக்கு என்ன வேலை வரும் என்பதிலிருந்து தொடங்குவோம்.

படி 1: முதலில் வேலைகளை எழுதுங்கள்

போன பயணத்தில் எங்கெல்லாம் கத்தி தேவைப்பட்டது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். இன்னும் போனதே இல்லை என்றால் என் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள்: கயிறு அறுப்பது, பொட்டலம் பிரிப்பது, பிளாஸ்திரியும் டேப்பும் வெட்டுவது, காலில் ஏறிய முள்ளை எடுப்பது, பழம் நறுக்குவது, தீ மூட்டக் குச்சியைச் சீவுவது, அடுப்பில் தளர்ந்த திருகாணியை இறுக்குவது, சூடான பாத்திரத்தை இறக்குவது, மண்ணில் சிக்கிய கூடார முளையைப் பிடுங்குவது.

கவனித்தீர்களா, இதில் ஒன்றுகூட வீர சாகசம் இல்லை. மரம் வெட்டுவதும் விறகு பிளப்பதும் இந்தப் பட்டியலிலேயே வராது. மடக்குக் கத்தியின் முழு பலமும் பிளேடு சுழலும் அந்த ஒரு ஆணியில்தான் நிற்கிறது. கட்டையின் மேல் வைத்து முதுகில் அடித்தால் ஆணி தளரும், பூட்டு கெடும். விறகு பிளக்க வேண்டிய பயணம் என்றால் மடங்காத கத்தியோ சின்னக் கோடரியோ தனியாக வேண்டும்.

படி 2: கத்தியா, மல்டிடூலா, இரண்டுமா?

மல்டிடூலில் இரண்டு குடும்பங்கள் உண்டு. இரண்டும் பிறந்த கதையே அவற்றின் குணத்தைச் சொல்லிவிடும்.

முதலாவது சுவிஸ் ராணுவக் கத்தி வகை. 1890-ஆம் ஆண்டு மாதிரி ராணுவக் கத்தியில் இருந்தவை ஒரு பிளேடு, ஒரு குத்தூசி, டின் திறப்பான், ஸ்க்ரூடிரைவர். சிப்பாய் சாப்பாட்டு டின்னைத் திறக்கவும் துப்பாக்கியைக் கழற்றி மாட்டவும் அவ்வளவே போதும். பிற்பாடு விக்டோரினாக்ஸ் நிறுவனம் ஆன பட்டறையின் கார்ல் எல்செனர், 1897-இல் அதிகாரிகளுக்கென்று இன்னும் இலேசான ஒரு கத்தியைப் பதிவு செய்தார். ஒரே ஸ்பிரிங் இரண்டு பக்கத்துக் கருவிகளையும் தாங்கிப் பிடிப்பதுதான் அதன் சூட்சுமம். இன்றைக்கும் இந்த வகை பாக்கெட்டில் இருப்பதே தெரியாது. 91 மில்லிமீட்டர் நீளமுள்ள எளிய மாடல் 60 கிராம் அளவில் இருக்கும்.

இரண்டாவது, நடுவில் கட்டிங் பிளேயர் உள்ள வகை. டிம் லெதர்மேன் என்ற அமெரிக்கர் 1975-இல் ஒரு பழைய ஃபியட் காரில் ஐரோப்பாவைச் சுற்றினார். வழியெல்லாம் ரிப்பேர். கையில் இருந்ததோ ஒரு பேனாக்கத்தி. இதில் ஒரு பிளேயரும் இருந்தால் என்ன என்று தோன்றியதுதான் தொடக்கம். 1983-இல்தான் அது விற்பனைக்கு வந்தது. ஆக, இது மெக்கானிக்கின் பிள்ளை: திருகும், நசுக்கும், இழுக்கும். முழு அளவு மாடல்கள் 240 கிராமையும் தாண்டிப் போகும். கருவிகளைக் குறைத்த மாடல்கள் 140 கிராம் அளவிலும் உண்டு.

பிளேயர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். கூடாரக் கதவின் ஜிப் மூடுகிறது, ஆனால் ரன்னர் தாண்டிய பிறகு பின்னால் பற்கள் தானாகப் பிரிந்துகொள்கின்றன. வெளியே கொசு. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பார்த்தேன். ரன்னரின் பின்பக்க வாய் தேய்ந்து, மேல் தகடும் கீழ்த் தகடும் ஒரு மயிரிழை விலகியிருந்தன. பிளேயர் நுனியால் ஒரு பக்கத்தை மெல்ல ஒரு அழுத்து, மறு பக்கத்தை அதே அளவு ஒரு அழுத்து, இழுத்துப் பார்த்தேன். இன்னும் ஒரு தடவை அழுத்தியதும் பற்கள் கவ்விக்கொண்டன. ஓங்கி நசுக்கியிருந்தால் ரன்னர் உடைந்தே போயிருக்கும். இந்த வேலையை உலகத்தின் எந்த உயர்ந்த கத்தியும் செய்யாது.

என் கணக்கு இது: ஒரு பகல் நடைக்கு சுவிஸ் வகை ஒன்றே போதும். இரவு தங்குகிற பயணத்துக்கு ஒரு நல்ல மடக்குக் கத்தி, கூடவே குழுவுக்கு ஒரு பிளேயர் மல்டிடூல். ஆளுக்கொன்று வேண்டியதில்லை.

படி 3: பிளேடு

நீளம் 7 முதல் 9 சென்டிமீட்டர். இதற்கு மேல் போனால் சின்ன வேலைக்குக் கை தடுமாறும். முதுகு நுனியை நோக்கி மெல்லச் சரிந்து இறங்கும் வடிவத்தை எடுங்கள், நுனியும் கட்டுக்குள் இருக்கும், உடையாது. உளி மாதிரி முக்கோண நுனி உள்ளவை பார்க்க மிரட்டலாக இருக்கும், பழம் நறுக்கும்போது எரிச்சல் வரும்.

பல் வைத்த விளிம்பு கயிற்றை அருமையாக அறுக்கும், ஆனால் சாதாரணச் சாணைக்கல்லில் தீட்ட முடியாது. தொடக்கத்துக்கு நேர் விளிம்பே நல்லது. பாதி நேர், பாதி பல் என்பது எனக்குப் பிடிக்காது. குச்சி சீவ வசதியாகக் கைப்பிடிக்குப் பக்கத்தில் இருக்கும் இடத்தைப் பல் பிடித்துக்கொள்கிறது.

படி 4: பூட்டு. இங்கே அவசரப்படாதீர்கள்

திறந்த பிளேடு விரல் மேல் மடங்காமல் தடுப்பது பூட்டு. சில கத்திகளில் பூட்டே கிடையாது, ஸ்பிரிங்கின் அழுத்தம் மட்டும்தான். பெரும்பாலான சுவிஸ் வகைக் கத்திகள் அப்படித்தான்.

இது எனக்குத் தெரிந்த விதம் கொஞ்சம் அவமானமானது. பையின் தோள்வாரில் ஒரு ஓட்டை போட வேண்டியிருந்தது. பூட்டில்லாத கத்தியின் நுனியை வாரில் ஊன்றி அழுத்தித் திருகினேன். நுனி சறுக்கியது, பிளேடு மடங்கியது, ஆள்காட்டி விரலில் இறங்கியது. வேடிக்கை என்னவென்றால், ஓட்டை போடுவதற்கென்றே உள்ள குத்தூசி அதே பையில், நான் ஒருநாளும் திறக்காத அந்த 13-இல் ஒன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அன்றோடு 5 என்பது 6 ஆனது. பூட்டில்லாத கத்தியால் அறுக்கலாம், சீவலாம். நுனியை ஊன்றி அழுத்தக் கூடாது.

கடையில் நீங்கள் பார்க்கப்போகும் பூட்டுகள் இவை.

முதுகுப் பூட்டு: கைப்பிடியின் முதுகில் உள்ள கட்டையை அழுத்தினால்தான் மடங்கும். பலமானது, இடதுகை வலதுகை இருவருக்கும் ஒத்துவரும். மூடும்போது விரல் பிளேடின் பாதையில் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தகட்டுப் பூட்டு, அதாவது லைனர் லாக்: உள்ளே ஒரு மெல்லிய தகடு பக்கவாட்டில் வந்து பிளேடின் அடியைத் தாங்கும். கைப்பிடியே அந்தத் தகடாக இருந்தால் ஃபிரேம் லாக். ஒரு கையால் மூடலாம். மணலும் மண்ணும் உள்ளே போனால் தகடு சரியாக வந்து உட்காராது, அதைக் கவனியுங்கள்.

வளையப் பூட்டு: பிரான்சின் ஒப்பினெல் மரப்பிடிக் கத்திகளில் 1955 முதல் இருப்பது. ஒரு உலோக வளையத்தைத் திருகினால் பிளேடு நகராது. இதைவிட எளிமையான பூட்டு நான் பார்த்ததில்லை. ஒரே குறை, மரப்பிடி நனைந்து ஊறினால் பிளேடைத் திறக்கவே முடியாமல் இறுகும்.

குறுக்குத் தண்டுப் பூட்டு: இரண்டு பக்கமும் ஒரு சின்னக் குமிழ் இருக்கும். அதைப் பின்னால் இழுத்தால் மடங்கும், விரல் பிளேடுக்கு எதிரே வருவதே இல்லை. கொஞ்சம் கூடுதலாகச் செலவு செய்ய முடிந்தால் புதியவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

சோதிப்பது எப்படி? கத்தியைத் திறந்து, பிளேடின் முதுகைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். துளியும் ஆடக் கூடாது. பக்கவாட்டிலும் அப்படியே. லைனர் லாக் என்றால் உள்ளே எட்டிப் பாருங்கள்: தகடு பிளேடின் அடியில் கால்வாசியிலிருந்து பாதி வரை ஏறி உட்கார்ந்திருக்க வேண்டும். ஓரத்தை மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் அடுத்ததைக் கேளுங்கள். கடைசியாக, விரல்களை பிளேடின் பாதையிலிருந்து முழுக்க விலக்கிக்கொண்டு, முதுகை உள்ளங்கையால் மெல்ல அழுத்துங்கள். மடங்கினால் அது கத்தி இல்லை, பொறி.

பூட்டில் சட்டமும் வருகிறது. பிரிட்டனில், காரணம் சொல்லாமல் பொது இடத்தில் வைத்திருக்கக்கூடிய மடக்குக் கத்திக்குப் பூட்டு இருக்கக் கூடாது, விளிம்பும் 3 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. ஊருக்கு ஊர் விதி மாறும், சரணாலயங்களுக்குத் தனி விதியும் இருக்கலாம். போகிற இடத்தில் கேட்டுவிட்டே வாங்குங்கள். விமானத்தில் போவதாக இருந்தால் கைப்பையில் வைக்காதீர்கள், செக்-இன் பெட்டிக்குள் போகட்டும்.

படி 5: எஃகு

இதைப் பற்றி இணையத்தில் விடிய விடியச் சண்டை நடக்கிறது. உங்களுக்கு வேண்டியது கொஞ்சம்தான். கடினமான எஃகு கூரை நீண்ட நேரம் வைத்திருக்கும், ஆனால் மழுங்கிவிட்டால் தீட்டுவது பெரும்பாடு. மென்மையானது சீக்கிரம் மழுங்கும், நாலு இழுப்பில் திரும்பக் கூராகும். கடினத்தை ராக்வெல் சி எண்ணால் சொல்வார்கள். சுவிஸ் கத்திகள் 56-ஐ ஒட்டி இருக்கும், விலை உயர்ந்தவை 60-ஐத் தாண்டும். முதல் கத்திக்கு 56 முதல் 59 வரை போதும். 420எச்சி, 14சி28என், 8சிஆர்13எம்ஓவி என்ற எஃகு வகைப் பெயர்களில் ஒன்று பிளேடில் பொறித்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

குரோமியம் சுமார் 10.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் துருப்பிடிக்காத எஃகு என்ற பெயரே கிடைக்கும். அதற்காகத் துருவே பிடிக்காது என்று எண்ணி உப்பு நீரில் ஊறவிடாதீர்கள். கார்பன் எஃகு அழகாகத் தீட்ட வரும், ஆனால் எலுமிச்சை நறுக்கிவிட்டுத் துடைக்க மறந்தால் கறுத்துவிடும்.

படி 6: கையில் பிடித்துப் பாருங்கள்

நாலு விரலும் பிடிக்குள் அடங்க வேண்டும். இறுக்கிப் பிடித்து ஒரு நிமிடம் சீவுவதுபோல் செய்யுங்கள், உள்ளங்கையில் எங்கே குத்துகிறதோ அங்கேதான் நாளைக்குக் கொப்புளம். பாக்கெட்டில் மாட்டும் கிளிப்தான் பெரும்பாலும் குற்றவாளி. முடிந்தால் கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள். வழவழப்பான உலோகப் பிடி அந்த நேரத்தில் மீன் மாதிரி நழுவும். நிறத்தில் கூச்சப்படாமல் ஆரஞ்சோ சிவப்போ எடுங்கள். காட்டு நிறக் கத்தியைப் புல்லில் போட்டுவிட்டுத் தேடியவனுக்குத்தான் அருமை தெரியும்.

படி 7: மல்டிடூலுக்கு மட்டும்

பிளேயரை மூடி வெளிச்சத்தில் பிடியுங்கள், நுனியில் இடைவெளி தெரியக் கூடாது. கத்தியும் ரம்பமும் பிளேயரைத் திறக்காமலே வெளியிலிருந்து திறக்க வருகிறதா, திறந்ததும் பூட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள். கத்தரிக்கோலால் ஒரு துணி நூலை வெட்டிப் பாருங்கள். காகிதத்தை எதுவும் வெட்டும், நூல்தான் குட்டை உடைக்கும். அப்புறம் வீட்டில் உங்கள் அடுப்பையும் ஊன்றுகோலையும் எடுத்து, அவற்றில் என்ன தலை திருகாணி என்று பாருங்கள். அறுகோணத் தலை திருகாணிக்கு நட்சத்திரத் தலை ஸ்க்ரூடிரைவர் இருந்து என்ன பயன்?

படி 8: கிளம்பும் முன் வீட்டில் பழகுங்கள்

ஒரு அட்டைப்பெட்டியும் ஒரு துண்டுக் கயிறும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். கையை நீட்டிச் சுற்றினால் யாரும் படாத அளவு இடம் வேண்டும். விளிம்பு எப்போதும் உடம்பை விட்டு வெளியே போகட்டும். தொடை மேல் வைத்தோ இரண்டு தொடைக்கும் நடுவிலோ சீவவே கூடாது, அங்கே பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. முழங்கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டு முழங்காலுக்கு அப்பால் சீவுங்கள். இன்னொருவருக்குக் கொடுக்கும்போது மடக்கிக் கொடுங்கள்.

தீட்டுவதையும் இப்போதே பழகிவிடலாம். கத்தியைக் கல் மேல் செங்குத்தாக நிறுத்துங்கள், அது 90 டிகிரி. பாதி சாய்த்தால் 45. அதில் பாதி 22 சொச்சம். அதைவிட ஒரு துளி சாய்த்தால் 20, அதுதான் நமக்கு வேண்டிய கோணம். அந்தச் சாய்வு மாறாமல், கல்லிலிருந்து மெல்லிய ஏடு ஒன்றைச் சீவி எடுப்பதுபோல் தள்ளுங்கள். சில இழுப்புகளுக்குப் பிறகு மறுபக்க விளிம்பை விரலால் குறுக்காக, வெளிப்பக்கமாகத் தடவினால் மெல்லிய பிசிறு தட்டுப்படும். தட்டுப்பட்டால் அந்தப் பக்கம் முடிந்தது, திருப்பிப் போட்டு அதே வேலை. பிசிறு வருமுன் பக்கம் மாற்றுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் முதுகு முன்னே போகும்படி பத்துத் தடவை இழுத்தால் பிசிறு போய்விடும்.

பயணம் முடிந்து வந்ததும் வெந்நீரும் பழைய பல்துலக்கியும் வைத்து மடிப்புகளைக் கழுவி, திறந்தபடியே காயவையுங்கள். காய்ந்ததும் ஆணியில் ஒரே ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பத்துத் தடவை திறந்து மூடி, வெளியே வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். சமையல் எண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் பிசினாகிவிடும். உணவில் பட்டாலும் கெடுதியில்லாத மினரல் ஆயில் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது சொட்டும் வேண்டாம். அடுத்த பயணத்தில் மணலைக் கூப்பிட்டு உட்காரவைப்பது அந்தச் சொட்டுதான்.