நிறுவலில் ஒரே எழுத்தை இரண்டு எண்ணுக்கும் போடாதீர்கள்

கல்லடியில் மாலை நேரங்களில் உயர்தரப் பிள்ளைகளுக்கு இணைந்த கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். கொப்பி திருத்தும்போது அடிக்கடி கண்ணில் படும் பிழை இது. இரண்டு ஒற்றை எண்களின் கூட்டுத்தொகை இரட்டை என்று நிறுவ வேண்டும். பிள்ளை இரண்டையுமே 2அ + 1 என்று எழுதிவிடும். கூட்டினால் 4அ + 2. இரட்டைதான், சரி. ஆனால் நிறுவியது 7 + 7 போன்ற சோடிகளுக்கு மட்டும். 7 + 11 வெளியே நிற்கிறது!

ஒன்றை 2அ + 1, மற்றதை 2ஆ + 1 என்று எடுங்கள். அ, ஆ இரண்டும் நிறைவெண்கள் (முழு எண்கள்) என்றும் எழுதுங்கள், அந்த வரியை விடவே கூடாது. கூட்டினால் 2(அ + ஆ + 1). முடிந்தது.

அப்புறம், நாலைந்து எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு "எனவே எப்போதும் உண்மை" என்று முடிக்க வேண்டாம். ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அதே எண்ணையும் 41 ஐயும் கூட்டிப் பாருங்கள். 0 முதல் 39 வரை எதைப் போட்டாலும் முதன்மை எண்தான் வரும். நாற்பது தடவையும்! 40 ஐப் போட்டால் 1681 வரும். அது 41 × 41.