பழைய பிக்கப்பின் பாடி வேலை: காயலான் கடைக்குப் போகுமுன்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு தம்பி பட்டறைக்கு வந்திருந்தார். 1953 ஷெவர்லே பிக்கப் ஒன்றை வாங்கிப் பாடி வேலை ஆரம்பித்திருக்கிறார். செல்போனில் வீடியோ காட்டினார். சேசிஸ் மேல் கேபின் மட்டும் நிற்கிறது. கதவு இல்லை, மட்கார்டு இல்லை, ஃபுட்போர்டு இல்லை. தரையைக் கூட்டிப் பெருக்கி அவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறார்.

"கழற்றினதெல்லாம் எங்கேங்க?"

"அதெல்லாம் ஒரே ஓட்டைங்கண்ணா. இடத்த அடச்சுக்கிட்டு இருந்துச்சு. நேத்தே காயலான் கடைக்குப் போட்டாச்சு."

எந்தக் கடை என்றுதான் முதலில் கேட்டேன். கோவை உக்கடத்தில் ஒரு கடையைச் சொன்னார். இப்போதே வண்டியை எடுத்துக்கொண்டு போங்கள், வெட்டியிருக்க மாட்டார்கள், மிச்சத்தை அப்புறம் பேசலாம் என்று அனுப்பிவிட்டேன். அவர் போன பிறகு வெகுநேரம் எரிச்சலாகவே இருந்தது. எரிச்சல் அவர் மேல் இல்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே காரியத்தைச் செய்த என் மேல்தான்.

துருவைச் சுரண்டாமல் பட்டி பூசக் கூடாது, ஈரத்தில் பிரைமர் அடிக்கக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். நான் செய்து பட்டதையும், என் கண்முன்னே மற்றவர்கள் திரும்பத் திரும்பச் செய்வதையும் மட்டும் சொல்கிறேன்.

புதுசு வந்து உட்காரும் முன் பழசைத் தூக்கிப் போடுவது

என்னுடையது 1951 ஷெவர்லே 3100, அரை டன் பிக்கப். ஜெனரல் மோட்டார்ஸ் 1954 வரை பம்பாய் சிவ்ரியில் ஆலை நடத்திய காலத்து வண்டி. கோவைப் பக்கம் ஒரு நூல் மில்லில் பல வருஷம் மூட்டை சுமந்துவிட்டு, அப்புறம் ஒரு தோட்டத்தில் தேங்காய் ஏற்றி, கடைசியில் வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டிருந்தது. கதவு இரண்டும் அடிப்பக்கம் ஒரு சாண் உயரத்துக்கு இற்றுப் போயிருந்தன. விரலால் அழுத்தினால் அப்பளம் மாதிரி நொறுங்கும்.

அப்போது அமெரிக்காவில் இருந்த மச்சினர் குடும்பத்தோடு ஊர் திரும்புவதாக இருந்தது. அவர் வீட்டுச் சாமான்களோடு இரண்டு கதவையும் ஏற்றிவிடலாம் என்று ஏற்பாடு. அரிசோனாவில் கிடைத்த கதவுகள். அங்கே மழை குறைவு என்பதால் அந்த ஊர்த் தகட்டுக்கு எப்போதும் தனி மதிப்பு உண்டு. விற்றவர் "47 முதல் 55 வரை எல்லா வண்டிக்கும் பொருந்தும்" என்று எழுதியிருந்தார். படத்தைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. சாமான் கப்பலேறிய வாரமே பழைய கதவு இரண்டையும் எடைக்குப் போட்டேன். நாற்பது கிலோ, 880 ரூபாய். அந்தப் பணத்தில் பட்டறைப் பையன்களுக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன் என்பது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது.

கதவுகள் வந்தன. கீலில் மாட்டிப் பார்த்தால் அழகாக உட்கார்ந்தன. விற்றவர் சொன்னது அந்த மட்டுக்கும் பொய் இல்லை. கைப்பிடியை மாட்டப் போனபோதுதான் வினை ஆரம்பித்தது.

இந்த வரிசை வண்டிகள் 1947 நடுவில் வெளிவரத் தொடங்கின. 1950 வரை கதவுக் கண்ணாடி ஒரே துண்டு. 1951இல்தான் முன்பக்கம் திருப்பி விடுகிற முக்கோணக் கண்ணாடி வந்தது. ஆனால் கைப்பிடி அந்த வருஷமும் பழைய மாதிரிதான், கீழே அழுத்தித் திருப்புகிற பிடி. 1952இல் பொத்தானை அமுக்கித் திறக்கிற பிடிக்கு மாறிவிட்டார்கள். ஆகவே முக்கோணக் கண்ணாடியும் திருகுபிடியும் சேர்ந்த கதவு 1951 என்கிற ஒரே ஒரு வருஷத்துக்கு மட்டும் உள்ளது. எனக்கு வந்தவை அதற்குப் பிந்திய கதவுகள். வெளித்தகட்டில் பிடிக்கான ஓட்டை வேறு, உள்ளே பூட்டு உட்காரும் இடம் வேறு. நானோ பழைய திருகுபிடிகளுக்குக் குரோம் போட்டு, துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தேன்.

பழைய கதவு கையில் இருந்திருந்தால் இது இரண்டு நாள் வேலை. பிடியும் பூட்டும் இருக்கிற பகுதி இடுப்பு உயரத்துக்கு மேலே; அங்கே துருவே கிடையாது. அந்தத் துண்டை அறுத்தெடுத்துப் புதுக் கதவில் வைத்து வெல்டு அடித்திருக்கலாம். அல்லது பழைய கதவின் அடிப்பக்கத்துக்கு மட்டும் சி.ஆர். ஷீட் என்கிற மெல்லிய இரும்புத் தகட்டை மடித்துப் போட்டிருந்தால் அமெரிக்கக் கதவே வேண்டியிருக்காது. எடைக்குப் போட்ட கடைக்கு ஓடினேன். "அது எப்பவோ உருக்கப் போயிருச்சுங்களே" என்றார்கள். கதவை மாற்றிக் கொண்டுவா என்று மச்சினரைத் திரும்ப அமெரிக்காவுக்கா அனுப்ப முடியும்?

கடைசியில் பொத்தான் பிடிகளையே தேடி வாங்கிப் போட்டேன். இன்றுவரை அது 1952 பிடியோடு ஓடுகிற 1951 வண்டிதான். யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தேன். ஒரு பழைய கார் கண்காட்சியில் நிறுத்தியிருந்தபோது, மில்லில் டிரைவராக இருந்த பெரியவர் ஒருவர் வந்து கதவில் கை வைத்தார். "இது கீழ அழுத்தற பிடியாச்சுங்களே" என்றார். அவருடைய கைக்கு ஞாபகம் இருக்கிறது.

பணம் போனதை மறந்துவிடலாம். அந்தக் கதவில் மில்லின் பெயர் இருந்தது. மேல் பெயின்ட்டைத் தேய்க்கும்போது பச்சைக்கு அடியில் மஞ்சள் எழுத்து லேசாகத் தெரிந்தது. கையால் எழுதிய எழுத்து, மேலே வளைவாகத் தமிழில், கீழே நேராக ஆங்கிலத்தில். அட, நன்றாக இருக்கிறதே என்று பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். ஒரு போட்டோ எடுக்கத் தோன்றவில்லை. அதே மாதிரி எழுதிக் கொடுங்கள் என்று இப்போது ஓவியரிடம் போனால், எழுத்து எவ்வளவு உயரம், வளைவு எங்கே தொடங்கியது என்று கேட்கிறார். சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

இப்போது எங்கள் பட்டறையில் கழற்றுகிற எதுவும் வெளியே போகாது. இற்றுப்போன தகடு என்பது நமக்கு அளவுச்சட்டம். எந்த இடத்தில் மடிப்பு, மடிப்பின் அகலம் எவ்வளவு, கிளிப் எங்கே உட்கார்ந்தது, எந்த ஓட்டை வட்டம், எது நீள்வட்டம், எல்லாம் அதில்தான் இருக்கிறது. கீலுக்கு அடியில் மறைந்திருக்கும் ஒரு விரற்கடை பெயின்ட்தான் வண்டியின் முதல் நிறத்துக்குச் சாட்சி. இன்னொன்றும் உண்டு. இடது மட்கார்டு முன்பக்கம் போயிருக்கும். வலதில் பின்பக்கம் போயிருக்கும். இரண்டு குப்பையையும் பக்கத்தில் வைத்து, அட்டையில் வெட்டித் திருப்பிப் போட்டால் முழு மட்கார்டின் வடிவமே கிடைத்துவிடும். ஒன்றை எடைக்குப் போட்டால் இரண்டும் போன மாதிரி.

கழற்றியதைக் கம்பியில் கட்டிச் சுவரில் தொங்கவிடுங்கள். டேப்பை ஓரத்தில் வைத்துப் போட்டோ எடுங்கள். போல்ட்டுகளை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, எந்த இடத்துப் போல்ட் என்று எழுதி ஒட்டுங்கள். வீட்டில் திட்டுவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள். புதுத் தகடு மாட்டி, பெயின்ட் காய்ந்து, வண்டி ஆயிரம் கிலோமீட்டர் ஓடட்டும். எடைக்கடை எங்கும் ஓடிப்போகாது.

அந்தத் தம்பி சாயங்காலம் போன் செய்தார். கதவு இரண்டும் கிடைத்துவிட்டனவாம், மட்கார்டு ஒன்றை வெட்டிவிட்டார்களாம். கிலோ 30க்குப் போட்டதைத் திரும்பக் கேட்டால் 60 சொல்கிறார்கள் என்றார். வெட்டின துண்டையும் சேர்த்து வாங்கி வாருங்கள் என்றேன்.

முட்டுக் கொடுக்காமல் அறுப்பது

கதவுக்குக் கீழே ஓடுகிற பெட்டித் தகடும், கேபினின் பின்மூலை இரண்டும் இந்த வண்டிகளில் கட்டாயம் போயிருக்கும். கிரைண்டர் கையில் கிடைத்ததும் இரண்டு பக்கத்தையும் ஒரே நாளில் அறுத்துத் தள்ளத் தோன்றும். அறுத்ததும் கேபினுக்குக் கீழ்க்கட்டு இல்லாமல் போகிறது. கதவு வாசல் கண்ணுக்குத் தெரியாமல் விரிகிறது அல்லது சாய்கிறது. அதே நிலையில் புதுத் தகட்டை வெல்டு அடித்தால் கோணல் நிரந்தரமாகிவிடும். அப்புறம் கதவு மேலே ஒட்டும், கீழே ஒரு விரல் வெளியே நிற்கும். கீலை எத்தனை முறை திருகினாலும் சரியாகாது.

அறுக்கும் முன் கதவு வாசலின் மூலைக்கு மூலை அளவெடுத்துச் சுவரில் எழுதுங்கள். முக்கால் அங்குல சதுரக் குழாயைக் குறுக்கே புள்ளி வெல்டில் பிடித்துவிடுங்கள். கேபின் சேசிஸ் மேல் போல்ட்டில் இறுகி இருக்க வேண்டும். ஒரு பக்கம் முடிந்த பிறகே மறுபக்கம். புதுத் தகட்டை நாலு புள்ளியில் பிடித்ததும் குழாயை எடுத்துவிட்டுக் கதவை மாட்டி மூடிப் பாருங்கள். இடைவெளி சரியாக இருந்தால் மட்டும் முழு வெல்டு. நாலு புள்ளியை உடைக்க ஐந்து நிமிஷம். முழு வெல்டை உடைக்க ஒரு வாரமும் ஒரு கேபினும் ஆகும்.

பெட்ரோல் டேங்க்

1949 முதல் வந்த வண்டிகளில் டேங்க் கேபினுக்குள், சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. பின்மூலைக்கு வெல்டு அடிக்கும் இடத்திலிருந்து கைக்கெட்டும் தூரம். காலி டேங்க்தானே என்று விடாதீர்கள். டேங்கைக் கழற்றி வெளியே கொண்டுபோன பிறகே வெல்டு அடிக்கத் தொடங்குங்கள்.

பானட்டுக்கு மணல் அடிப்பது

சேசிஸுக்கும் பிராக்கெட்டுக்கும் சாண்ட் பிளாஸ்டிங் சரி. பானட், கூரை, கதவு மாதிரி அகலமான தகட்டுக்கு வேண்டாம். ஒவ்வொரு மணலும் ஒரு சின்னச் சுத்தியல் அடி. அடிபட்ட பக்கம் விரிந்து தகடு வயிறு தள்ளிக்கொள்ளும். அதை இறக்க எந்த டிங்கர் வந்தாலும் பாதிதான் முடியும். பெயின்ட் ரிமூவர் பூசிச் சுரண்டுங்கள். நாற்றம் பிடிக்கும், நேரம் பிடிக்கும், தகடு பிழைக்கும்.

மாட்டிப் பார்க்காமல் பெயின்ட்

புதிதாக அடித்துவரும் மட்கார்டு எதுவும் அப்படியே பொருந்தியதாக எனக்கு நினைவில்லை. ஓட்டை இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளியிருக்கும். பெயின்ட் அடித்துப் பாலிஷ் போட்ட பிறகு வட்ட அரத்தை எடுத்து ஓட்டையைப் பெரிதாக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தும் இருக்கிறேன்.

வெறும் தகட்டில் வண்டி முழுவதையும் ஒருமுறை கூட்டிவிடுங்கள். முதலில் கதவு. கதவை வைத்து மட்கார்டு, அப்புறம் பானட், கிரில் கடைசி. முன்பக்கம் தூக்கியோ தொங்கியோ இருந்தால் தகட்டைத் தட்டாதீர்கள். ரேடியேட்டர் சப்போர்ட்டுக்கு அடியில் இருக்கும் ரப்பரையும் வாஷரையும் பாருங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான்.

பின் மட்கார்டுக்கும் சாமான் ஏற்றுகிற தொட்டிக்கும் நடுவே வருகிற பீடிங் பட்டையையும் இந்த ஒத்திகையிலேயே வைத்துப் பாருங்கள். அது இல்லாமல் மாட்டினால் ஆறு மாதத்தில் அந்தக் கோட்டில் பெயின்ட் தேய்ந்து துரு வழியும்.

எல்லாவற்றுக்கும் குரோம்

கொரியப் போரின்போது நிக்கலுக்கும் செம்புக்கும் கட்டுப்பாடு வந்து, 1951, 52 வண்டிகளில் குரோம் போட வேண்டிய பல இடங்களில் பெயின்ட் அடித்தே அனுப்பினார்கள். மின்னாத வீல் கப்பைப் பார்த்து ஏமாந்துவிட்டோமே என்று வருந்த வேண்டாம். அது மின்னாமல்தான் பிறந்தது.

தொட்டியின் பலகையை நெருக்கி அடிப்பது

தொட்டித் தரை மரப்பலகை. பலகைக்குப் பலகை நடுவே இரும்புப் பட்டை ஓடும். நான் தேக்கில் போட்டேன். இழைத்த ஆசாரியிடம் இடைவெளியே தெரியக் கூடாது என்று நான்தான் சொன்னேன். "மழையில ஊறும், கொஞ்சம் விடட்டுங்களா?" என்று அவர் கேட்டார். வேண்டாம் என்றேன். ஐப்பசி மழைக்குப் பலகைகள் ஒன்றையொன்று தள்ளி, நடுப்பலகை போல்ட்டைப் பிய்த்துக்கொண்டு எழும்பி நின்றது. இடைவெளியை மூடத்தான் அந்த இரும்புப் பட்டையே இருக்கிறது. பட்டைக்கு அடியில் கால் அங்குலம் விட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. வார்னிஷை மேலே மட்டும் பூசிவிட்டு நிறுத்தாதீர்கள். பலகையின் அடியிலும் அறுத்த முனையிலும்தான் தண்ணீர் ஏறும்.

கதவின் அடி ஓட்டைகள்

அடைக்காதீர்கள். அவை துரு போட்ட ஓட்டை இல்லை, தண்ணீர் இறங்கும் வழி.

முன்கண்ணாடி ரப்பர்

புது ரப்பர் ஒழுகுகிறது என்று ரப்பரைத் திட்டுகிறார்கள். அது உட்காரும் விளிம்பைத் தடவிப் பாருங்கள். அங்கே துருக்குழி இருந்தால் எந்த ரப்பரும் ஒழுகும்.

ஆர்.சி. புத்தகம்

நிறத்தை மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிய வேண்டும். சேசிஸ் நம்பர் அடித்த இடத்தில் கிரைண்டர் வைக்காதீர்கள்.