கௌபாய் ஓவியத்தை வாசிப்பது எப்படி? வேலியில் தொடங்குங்கள்

கௌபாய் ஓவியம் என்றால் கண் முதலில் தொப்பிக்கும் குதிரைக்கும்தான் போகும். பயிற்சிக்கு அமெரிக்க ஓவியர் ஃபிரெடரிக் ரெமிங்டன் 1895-இல் வரைந்த ‘தி ஃபால் ஆஃப் தி கௌபாய்’ (கௌபாயின் வீழ்ச்சி) ஓவியத்தை எடுத்துக்கொள்வோம். அசல், டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த் நகரில் ஏமன் கார்ட்டர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இணையத்தில் தேடினால் படம் கிடைக்கும்.

படி 1: கண்ணில் படுவதை மட்டும் எழுதுங்கள். பனி படர்ந்த தரை, சாம்பல் வானம், தலை தாழ்த்திய குதிரைகள், இரண்டு கௌபாய்கள். ‘சோகம்’, ‘தனிமை’ போன்ற சொற்கள் இப்போது வேண்டாம். எழுதினால், பார்ப்பதற்கு முன்பே முடிவு கட்டிவிடுவோம்.

படி 2: யார் என்ன செய்கிறார் என்று பாருங்கள். ஒருவர் குதிரைமேல் காத்திருக்கிறார். மற்றவர் இறங்கி, வேலியின் படலருகே நிற்கிறார். குதிரையைவிட்டு இறங்காதவன் என்று பெயர் எடுத்தவனை ஏன் தரையில் நிறுத்தினார் ஓவியர்?

படி 3: விடை வேலியில் இருக்கிறது. இங்கே நிதானமாக நில்லுங்கள். அமெரிக்க மேற்குச் சமவெளிகளில் மாடுகள் ஒரு காலத்தில் வேலியே இல்லாமல் மேய்ந்தன. யாருடைய மாடு என்பதைச் சூட்டுக்குறிதான் சொல்லும். அவற்றைத் திரட்டிப் பிரிப்பது கௌபாய்களின் வேலை. 1874-இல் ஜோசப் கிளிடன் முள்கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். மலிவான அந்தக் கம்பி மேய்ச்சல் நிலத்தைத் துண்டு போட்டது. 1886–87 கடுங்குளிரில் வடக்குச் சமவெளிகளில் மாடுகள் கூட்டம் கூட்டமாக மடிந்து, பல பண்ணைகள் நொடித்தன. பிழைத்தவர்கள் நிலத்தை வேலியடைத்து, குளிர்காலத்துக்குப் புல் அறுத்துச் சேர்க்கத் தொடங்கினார்கள். கௌபாய் வேலி பழுதுபார்க்கும் பண்ணையாள் ஆனான். படல் திறக்கும் சின்ன வேலையை ரெமிங்டன் வரையக் காரணம் இதுதான் என்பது என் வாசிப்பு.

படி 4: நிறம். வெயில் இல்லை, பளிச்சென்ற வண்ணம் எதுவும் இல்லை. இப்போது ‘சோகம்’ என்று எழுதலாம். ஆதாரம் கையில் இருக்கிறது.

படி 5: வரைந்தவரைக் கேள்வி கேளுங்கள். ரெமிங்டன் நியூயார்க் மாநிலத்துக்காரர். 1883-இல் கான்சஸில் அவர் நடத்தியது செம்மறிப் பண்ணை. அதையும் சீக்கிரமே விட்டுவிட்டார். கௌபாய்களில் கருப்பினத்தவரும் மெக்சிகோ வழி வந்தவர்களும் ஏராளம். தத்ரூபமாக வரைந்திருப்பதாலேயே ஓர் ஓவியம் முழு உண்மையாகிவிடாது. யார் இருக்கிறார்கள் என்பதோடு யார் இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, அதே அருங்காட்சியகத்தில் உள்ள அவருடைய ‘எ டேஷ் ஃபார் தி டிம்பர்’ (1889) ஓவியத்தை இதே ஐந்து படிகளில் வாசித்துப் பாருங்கள். அதில் குதிரைகள் புழுதி பறக்கப் பாய்ந்து வரும், வேலி இருக்காது.